கரையில் கிடந்த வாத்து

வாத்தின் குடலைப் பிளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலை ஒரு முனையில் விட்டு, மறுமுனை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட வேண்டும். நடுவில் யோசித்து நின்றால் உள்ளே இருக்கும் புழு அறுந்துபோகும். அறுந்த புழு ஒன்றா இரண்டா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. புழுவம்மா பதினோரு வருடமாக நடுவில் நின்று யோசித்ததே இல்லை.

புழுவம்மா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுடைய ஆய்வு அறை தரைக்குக் கீழே இருந்தது, மேலே பேசுவது தண்ணீர்க் குழாய் வழியாகக் கீழே தெளிவாகக் கேட்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் யாருக்கும் அது இன்னும் பிடிபடவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த அறையில் பொழுதுபோக்கு என்று வேறு எதுவும் கிடையாது. ஒரு தொட்டி, ஒரு சல்லடை, ஒரு நுண்ணோக்கி, தெருவில் போகிறவர்களின் செருப்பும் ஷூவும் மட்டும் தெரிகிற அரை ஜன்னல், சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் மிதக்கும் ஒரு குடல்.

ஊரை ஒட்டிய ஏரிக்குக் குளிர்காலத்தில் முங்கு வாத்துகள் வரும். மற்ற வாத்துகளைப் போல மேலே மிதந்துகொண்டு கழுத்தை மட்டும் நீட்டி மேய்கிற ஜாதி இல்லை இது. தலைகுப்புற முழுசாக முங்கி, அடியில் இருக்கும் நத்தையையும் சிப்பியையும் தின்றுவிட்டு மேலே வரும். பதினோரு வருடத்துக்கு முன்னால் பதினெட்டாயிரம் வந்தன. போன வருடம் நாலாயிரம்கூடத் தேறவில்லை. ஏன் என்று ஊரே கேட்டபோது பதில் வைத்திருந்தவள் புழுவம்மா ஒருத்திதான். குடல் புழு. தலையில் கொக்கி கொக்கியாக முள் வைத்துக்கொண்டு குடல் சுவரில் தொங்குகிற ஒன்று, இலை மாதிரி தட்டையான இன்னொன்று. தட்டைப் புழு நத்தை வழியாக வாத்துக்குள் போகிறது. சராசரியாக ஒரு குடலுக்கு இருநூற்று நாற்பது புழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணிய எண்ணிக்கை அது.

பத்திரிகையில் அவள் படம் வந்தது. துறையும் ஒரு வழியாக அசைந்துகொடுத்து ஒரு முடிவுக்கு வந்தது: நத்தையை ஒழித்தால் புழு ஒழியும், புழு ஒழிந்தால் வாத்து பிழைக்கும். ஏரியில் நத்தை மருந்து ஊற்ற நாள் குறித்தார்கள். இருநூறு பீப்பாய் மருந்து வந்து, அலுவலக முற்றத்தில் நீல நிறத்தில் அடுக்கிவைத்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. தன் பதினோரு வருட வேலையைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியிருந்தாள். அதைப் படித்துப் பார்த்த யாரோ ஒரு நிபுணர், பெயர் போடாமல், மூன்று வரி பாராட்டிவிட்டு நாலாவது வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

'வாத்து இறந்த ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும், தாமதித்தால் புழுக்கள் சிதைந்துவிடும் என்கிறீர்கள். சரி. முந்நூற்றுப் பன்னிரண்டு வாத்துகளும் கரையில் இறந்து கிடந்தவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் இறந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் சேகரிப்பாளர் கண்ணில் எப்படிப் பட்டன?'

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நாற்காலியைவிட்டு எழாமல் கேள்வி கேட்கிற ஆசாமி, பாவம், ஏரியையே பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தாள். எங்கள் சேகரிப்பாளர் விடிவதற்கு முன்பே கரைக்குப் போகிறவர், கெட்டிக்காரர் என்று பதில்கூட எழுத ஆரம்பித்தாள். ஒன்றரை வரியில் பேனா நின்றுவிட்டது. விடிவதற்கு முன்பு போனால், முந்தின நாள் செத்ததும் அங்கே கிடக்குமே. நரி கடித்தது, ஊதிப்போனது, நாற்றமெடுத்தது என்று ஒன்றாவது வந்திருக்க வேண்டுமே. பதினோரு வருடத்தில் ஒரு டப்பாகூடக் கெட்டுப்போய் வந்ததில்லை. எல்லாம் புத்தம் புதுசு. அந்தப் புதுசுக்காக அவள் சேகரிப்பாளரைப் பலமுறை மெச்சியிருக்கிறாள்.

சேகரிப்பாளர் அவளுடைய கணவர்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் அந்தப் படிகளில் ஈரச் சாக்கோடு இறங்கி வந்தார். ஏரியில் வலை போடுகிறவர். படியெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"இங்க வாத்துக்கு வைத்தியம் பாக்குற அம்மா யாரு?"

"செத்த வாத்துக்கு இங்க வைத்தியம் கிடையாது" என்றாள்.

"ஏன் செத்துச்சுன்னாவது பாருங்க. கரையில கிடந்துச்சு."

அவள் பிளந்து பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு புழு. அவர் மூக்கைப் பிடிக்காமல் பக்கத்திலேயே நின்றார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முள்தலைப் புழுவின் கொக்கி வரிசையைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே" என்றார். அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவள் வேலையைக் கேட்ட உடனேயே தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனவர்கள். ஒரு புழுவை அழகு என்று சொன்ன மனிதரிடம் அவள் அங்கேயே விழுந்துவிட்டாள், மறைக்க என்ன இருக்கிறது.

முழு வாத்தைத் தூக்கி வர வேண்டாம், அதற்குள் புழு கெட்டுவிடும், இரைப்பைக்குக் கீழேயிருந்து குடலை மட்டும் வெட்டி, இரண்டு முனையும் கட்டி, டப்பாவில் போட்டுத் தாருங்கள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் இன்னும் பதினொன்று கொண்டுவந்தார். அடுத்த கோடையில் கல்யாணம். முழுசாக வந்த அந்த முதல் வாத்து மட்டும் பஞ்சு அடைத்து, கண்ணாடிக் கண் வைத்து, அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே நின்றது. அவள் கொழுந்தன் அதற்குத் தரகர் என்று பெயர் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இவருதான் எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாத்துக் குடுத்தவரு" என்று அறிமுகம் செய்துவைப்பார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குப் போனாள். வீடு வலைக் கொட்டகைக்கு மேலே, மாடியில். படிக்கட்டில்தான் வலை உலர்த்துவார்கள். தினமும் வலையை இரண்டு கையாலும் விலக்கித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். விலக்கி ஏறினாள். தரகரைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து இறகை எதிர்ப்பக்கமாக நீவினாள்.

கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. இறகெல்லாம் ஒரே அளவில் நறுக்கென்று அறுந்திருந்தது. மெல்லிய நூல் இறுகினால்தான் அப்படி அறுக்கும். இறக்கைக்கு அடியிலும் இன்னொரு கோடு. இந்தக் கழுத்துக் கோட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பஞ்சு அடைத்தவர் இறுக்கிக் கட்டிவிட்டார் என்று அந்த மனிதரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

தரகரை எடுத்த இடத்தில் வைத்தாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குடலைக் கழுவும்போதெல்லாம் சல்லடையில் நொறுங்கிய நத்தை ஓடு கைப்பிடி கைப்பிடியாக வரும். நோயில் செத்த பறவை பட்டினி கிடந்தல்லவா செத்திருக்கும்? வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்தபோது செத்தவை இவை. அந்த ஓடுகளையெல்லாம் குப்பை என்று பதினோரு வருடம் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

கணவர் வந்து கை கழுவிவிட்டு, கிழிந்த வலையைப் பின்ன வலை ஊசியோடு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு, டாக்டரம்மா."

"வாத்தெல்லாம் கரையிலதான் கிடந்துச்சா?"

ஊசி ஒரு கண்ணியில் நுழைந்து நின்றது. "கரைக்கு வந்துதான் குடல எடுத்தேன்."

"நான் அதக் கேக்கல."

"நீ குடலத்தானே கேட்ட" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். "எப்படிச் செத்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா? உன் ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது."

அது உண்மை. ஃபாரம் அவள் போட்டது. தேதி, இடம், புழு வகை, எண்ணிக்கை. இடம் என்ற கட்டத்தில் 'கரையில் கிடந்தது' என்று அவளே எழுதிவைத்துவிடுவாள்.

"வலையிலயா?"

"மீனுக்கு விரிச்ச வலைதான். அது முங்குது, மாட்டுது, மூச்சு முட்டிப் போயிடுது. நானா அத வான்னு கூப்பிட்டேன்?"

"வருஷத்துக்கு முப்பதா?"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "முப்பது நீ கேட்டது. உன் தாள்ல முப்பது வரிதானே இருந்துச்சு."

"மீதி?"

"புதைச்சிடுவோம். முன்னல்லாம் நாப்பது படகுலயும் சேத்து ஒரு காலையில அறுபது எழுபது மாட்டும்."

ஒரு குளிர்காலத்துக்கு நூறு காலை. அவள் எண்ணியே பழகிய மனுஷி. வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனம் தானாகப் பெருக்கிக்கொண்டே போனது.

நிதானமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். நான் பார்த்ததெல்லாம் நல்ல ஆரோக்கியமான வாத்துகள். புழுவை வைத்துக்கொண்டே அவை நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. புழு அவற்றோடு எத்தனை தலைமுறையாக இருக்கிறதோ. இப்போது என் பேச்சைக் கேட்டு மருந்து ஊற்றினால் நத்தை சாகும். நத்தைதான் அவற்றின் சாப்பாடு.

"நத்தை போனா மிச்ச வாத்தும் பட்டினியில போயிடும்ங்க."

"வலைன்னு சொன்னா நாப்பது வீடு பட்டினி" என்றார் அவர். "குளிர்காலம் முழுக்க வலையே போடக் கூடாதுன்னு பூட்டிடுவாங்க. யாரு சொன்னது, இவன் பொண்டாட்டி சொன்னான்னு ஆகும். அப்புறம் நான் எந்தக் கரையில போய் நிக்கிறது?"

கொழுந்தன் கீழேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வலையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார். "அண்ணி, பழியப் புழு மேல போட்டாச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும். புழு என்ன கோர்ட்டுக்கா போகப் போகுது?"

மறுநாள் அவள் இயக்குநரைப் பார்க்க மேலே போனாள். அவருடைய அறையில் சூடேற்றி இருந்தது. பெரிய ஜன்னல் வழியாக ஏரி முழுசும் தெரிந்தது. மனிதர் கெட்டவர் இல்லை. மூன்று வருடம் அலைந்து அந்த இருநூறு பீப்பாயை வாங்கியிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பதினோரு வருஷம் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்கம்மா. உங்க வாய்வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் மருந்த நிறுத்த முடியாது. பதிவேட்டுல ஒவ்வொரு வாத்துக்கும் எப்படிச் செத்துச்சுன்னு எழுதுங்க. கீழ சேகரிச்சவரு கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுங்க, நான் நிறுத்திடறேன். இல்லேன்னா சனிக்கிழமை காலையில படகு கிளம்பும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "சேகரிச்சவரு உங்க வீட்டுக்காரர் இல்ல?"

"ஆமா சார்."

"போடுவாரா?"

அவள் கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அரை ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போய்விடலாம், அதனால் முற்றத்துப் பீப்பாய் போய்விடாது. சும்மா இருந்துவிடலாம், ஏரியை அவள் கையெழுத்தே கொன்றுவிடும். கணவர் கையெழுத்தை அவளே போட்டுவிடலாம். அது அவளுக்கு நன்றாக வரும். வரும் என்று தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பொய்யை எழுத ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது, மெய்யை எழுத இரண்டு கேட்கிறார்கள். அதில் ஒன்று, எழுதினால் பிழைப்புப் போகிறவருடைய கையெழுத்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது.

வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. பதிவேட்டில் ஸ்கேல் வைத்து 'எப்படி இறந்தது' என்று புதிதாக ஒரு பத்தி போட்டு, மேசையில் திறந்தே வைத்திருந்தாள். அவர் அதற்குப் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கொழுந்தன் எதிரே வந்தால் படியிலேயே ஒதுங்கி நின்றார்; அண்ணி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நாற்பது வீட்டுக்கும் விஷயம் எட்டிவிட்டது என்பது, கடையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தியதில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணி இருக்கும், அவர் ஏரியிலிருந்து வந்தார். ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நாலு விரலைக் காட்டினார்.

"இந்த வாரம் முழுக்க, எல்லாப் படகுக்கும் சேத்து நாலு."

"மீனா?"

"மீன் வண்டி வண்டியா இருக்கு. வாத்து." விரல்களை மடக்கினார். "ஒரு காலையில அறுபது எழுபது வந்த இடம். எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வலைய இழுக்குறப்ப வருஷா வருஷம் கனம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு."

அவள் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"நீ மொத நாள் புழுன்னு சொன்ன பாரு, அன்னிக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எப்படியும் சீக்குல சாகப் போறதுதான், வலை கொஞ்சம் முந்திக்கிச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒவ்வொரு டப்பாவையும் குடுத்துட்டு, எத்தனை புழுன்னு உன்கிட்ட கேப்பேன்ல. நிறையன்னு நீ சொன்னா அன்னிக்குத் தூக்கம் வரும்."

ஆமாம், கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். தன் வேலையில் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிற மனிதர் யாருக்குக் கிடைப்பார் என்று அவள் பூரித்துப்போயிருக்கிறாள். இப்போது அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் மென்று விழுங்கினாள். மணி ஓடிக்கொண்டிருந்தது.

"கொண்டா அத" என்றார் அவர். "கடைசியிலேந்து போவோம். கிட்டத்துல நடந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் தேதியைப் படித்தாள். அவர் ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்து, "வலை" என்றார். அவள் எழுதினாள். சிலவற்றுக்கு இடமும் சொன்னார்: நாணல் பக்கம், பழைய படகுத்துறை, ஆழக் குழி. ஒவ்வொரு வருடத்தின் முதல் வரியும் வரும்போது பக்கத்தைத் திருப்பினாள். வலை, வலை, வலை. இருநூறுக்குப் பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். தலையை மட்டும் அசைத்தார். கீழே கொட்டகையில் கொழுந்தன் எதையோ டமார் என்று போட்டு உடைத்தார். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது, முப்பது, பன்னிரண்டு. மணி நாலே கால்.

"ஒண்ணு" என்றாள்.

தேதியை அவள் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. அவர் டிவிக்கு மேலே நின்ற தரகரைப் பார்த்தார். கண்ணாடிக் கண் இரண்டும் இருவரையும் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது கரையிலதான் கிடந்துச்சு" என்றார். "சத்தியமா. அது மட்டும்."

கழுத்தில் இருக்கும் கோட்டை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. அந்த ஒன்றைக் கரை என்று எழுதினால் எந்த முடிவும் மாறாது. மருந்து நிற்கும், வாத்து பிழைக்கும், இயக்குநருக்கும் போதும், கடிதம் எழுதிய நிபுணருக்கும் போதும். ஈரச் சாக்கோடு படியிறங்கி வந்த அந்த நாள் மட்டும் அவர்களுக்கு மிஞ்சும். கரை என்று எழுத அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதித்தானே பதினோரு வருடம் குடும்பம் நடத்தினாள்.

வலை என்று எழுதினாள்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாக வாசித்தே அவருக்குப் பழக்கம். வாசித்தார். வெகுநேரம் அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"எனக்குத்தான் ஞாபகம் இல்ல போலிருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள்.

பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டில் அன்று காலை உலர்த்திய வலை தொங்கியது. அவள் எப்போதும்போல இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் பையின் கொக்கி ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அவர் மேலேயிருந்து இறங்கி வந்து, இடுப்பில் இருந்த கத்தியால் அந்தக் கண்ணியை அறுத்து அவளை விடுவித்தார்.

"அஞ்சுக்குள்ள போயிடு" என்றார்.